எலி பிடிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள்

வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் சார் ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் வட மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. தமிழ் எடுக்கிறேன். வேலைக்கு வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது, அதில் பதினாறு வருடம் இதே பள்ளியில்தான். எங்கள் ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக, எலியும் பாம்பும் பிடித்துப் பிழைத்துவந்த இருளர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. நாற்பது வீடு இருக்கும். அங்கிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

உங்களிடம் ஏன் என்றால், அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதும் படிக்காததும் பெரும்பாலும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ஆதிதிராவிடர் பிள்ளைக்குத் தாசில்தார் சாதிச் சான்றிதழ் கொடுத்துவிடலாம். பழங்குடிப் பிள்ளைக்கு அப்படி இல்லை. 1989 நவம்பரிலிருந்து அந்த அதிகாரம் கோட்டாட்சியருக்கும் சார் ஆட்சியருக்கும்தான். வி.ஏ.ஓ. எழுதி, ஆர்.ஐ. எழுதி, தாசில்தார் எழுதி, கடைசியில் உங்கள் மேசைக்கு வந்து சேர வேண்டும். பல விண்ணப்பங்கள் அந்த மேசையைத் தாண்டுவதில்லை.

பத்து வருடத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயர் வேண்டாம். அவளுடைய அப்பா அம்மா கரிமூட்டம் போடுகிறவர்கள். வேலிக்காத்தான் மரத்தை வெட்டி, அடுக்கி, மேலே மண்ணைப் பூசி மூடி, தீ வைத்துவிட்டு, புகை அடங்கும்வரை நாள்கணக்கில் பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். மூட்டம் எந்த ஊரில் கிடைக்கிறதோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். இவளை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் படித்ததற்குக் காரணம் அந்தப் பாட்டிதான். அண்ணன் தம்பி யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது கேட்டால்தான் பேசுவாள். பேசினால் பாட்டியின் இழுப்பு அப்படியே இருக்கும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரித்தவர்களைக் கண்டித்தேன். அதோடு நிற்காமல் இவளுடைய பேச்சையும் திருத்தினேன். வாய்விட்டுப் படிக்க வைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒன்றியப் பேச்சுப் போட்டிக்குக் கூட்டிப் போனேன், இரண்டாம் பரிசு வாங்கினாள். தலையை எண்ணெய் வைத்து வாரி, ரிப்பன் கட்டி, சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வருவாள். பத்தாம் வகுப்பில் 500க்கு 438. நர்சு ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேல்நிலைப் பள்ளி பக்கத்து டவுனில் இருந்தது. அங்கே தங்கிப் படிக்க பழங்குடியினர் விடுதி வேண்டும், விடுதிக்குச் சான்றிதழ் வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள், பாட்டி, நான் மூவரும் பஸ் ஏறிப் போனோம். காலை பத்து மணிக்குப் போய், கூப்பிட்டது மாலை நான்கு மணிக்கு. எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் மாறிப் போயிருப்பார்கள்.

"நீ இருளரா?"

"ஆமாங்க சார்."

"எலி பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"பாம்பு?"

"தெரியாதுங்க."

"உங்க பாஷையில ஏதாவது பேசு, கேட்போம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பார்த்தா அப்படித் தெரியலையே, சுத்தமா பேசுதே" என்றார். பாட்டி பதறிப்போய், "நான் புடிப்பேன் சாமி, வயல்ல வந்து காட்டுறேன்" என்று கையைக் கும்பிட்டார். "சர்டிபிகேட் உனக்கா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் விசாரணை.

ஆறு மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டது என்று செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. காரணம், போதிய ஆவணங்கள் இல்லை. அதற்குள் விடுதிச் சேர்க்கை முடிந்திருந்தது. பதினோராம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் பஸ்ஸில் போய் வந்தாள். அப்புறம் ஒரு தரகர் வந்தார். நூற்பாலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உறைத்த ஒன்றை இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. அவளுடைய பேச்சைத் திருத்தியது நான். அந்தத் திருத்தமான பேச்சைக் கேட்டுத்தான் அவள் இருளர் இல்லை என்று சந்தேகப்பட்டார்கள். சீருடை அரசு கொடுத்தது, காலில் கிடந்த செருப்பும் அரசு கொடுத்தது. எலி பிடிக்கப் போகாமல் பத்து வருடம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டதும் அதைத்தான். பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்யச் செய்ய, உங்கள் அலுவலகத்தில் அந்தப் பிள்ளையின் நிலை மோசமாகிறது. படிப்பை நிறுத்திவிட்டு வரப்பில் எலி வளை தோண்டிக்கொண்டிருந்த அவளுடைய தம்பி வந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்கள். அவனுக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகாராஷ்டிரப் பழங்குடிகள் தொடர்பான வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒருவருடைய பழக்கவழக்கம், சடங்கு, தெய்வம், பேச்சு இவை அந்தப் பழங்குடியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இடம் பெயர்ந்தாலும், காலம் மாறினாலும், மற்றவர்களோடு பழகினாலும் பழைய அடையாளங்கள் மங்கிப் போகலாம். அதனால் அவர் அந்தக் குடியில் பிறந்தது பொய்யாகிவிடாது. தீர்ப்பின் சாரம் இதுதான். இந்தத் தீர்ப்பு வந்த பிறகும் எங்கள் பிள்ளைகளிடம் பாம்பைப் பற்றிக் கேட்கிறார்கள். போன வருடமும் கேட்டார்கள்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. போலிச் சான்றிதழ்கள் இருந்தன, இருக்கின்றன. பழங்குடியே இல்லாதவர்கள் பழங்குடிப் பெயரில் சான்றிதழ் வாங்கி மருத்துவக் கல்லூரியிலும் வங்கியிலும் இடம் பிடித்த வழக்குகள் ஒன்று இரண்டு இல்லை. 1994இல் மாதுரி பாட்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தனை கடுமையாக விதிமுறைகளை வகுத்ததும் அதனால்தான். தவறான சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு விசாரணை, விளக்கம், பதவி உயர்வில் சிக்கல் என்று உங்களுக்கு வரும். மறுத்தாலோ கிடப்பில் போட்டாலோ உங்களுக்கு எதுவும் வராது. இருளர் வீட்டிலிருந்து வழக்குப் போட யார் வரப் போகிறார்கள்? ஆக, சந்தேகம் வந்தால் மறுத்துவிடு என்பது அலுவலகத்தில் பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். போலிச் சான்றிதழ் வாங்க வருகிறவரிடம் எல்லாக் காகிதமும் இருக்கும். தாத்தா பெயரில் பத்திரம் இருக்கும், வக்கீல் இருப்பார், சிபாரிசு இருக்கும். காகிதம் இல்லாமல் வந்து நிற்கிறவர்தான் பெரும்பாலும் உண்மையானவர். காகிதம் இல்லாததைக் காரணம் காட்டி மறுக்கும்போது வடிகட்டி தலைகீழாக வேலை செய்கிறது.

இவர்களுக்குக் காகிதம் ஏன் இல்லை என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். குடியிருப்பது ஏரிப் புறம்போக்கு, பட்டா கிடையாது. அதற்கு முன் அரிசி ஆலையில் கொத்தடிமையாகக் கிடந்த குடும்பங்களும் உண்டு, மீட்கப்பட்டு வந்தபோது கட்டிய துணியோடுதான் வந்தார்கள். பழைய தலைமுறையில் பிரசவம் வீட்டில், பிறப்புப் பதிவு இல்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். ஆதார் எடுக்க வந்தவர் காதில் விழுந்ததை அடித்துவிட்டுப் போனார். கன்னியம்மா என்பது கண்ணம்மா ஆகிவிட்டது, அதைத் திருத்த ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் வேண்டும். இ-சேவை மையத்தில் முதலில் கேன் நம்பர் என்ற பதிவு எண் எடுக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் செல்போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா வேறு மாவட்டத்தில் மூட்டத்தில் இருப்பார், அங்கே சிக்னல் இருக்காது. விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய்தான். அந்த 60 ரூபாய்க்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் வேலை போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது சேர்க்கைப் பதிவேட்டில் சாதி என்ற இடத்தில் பெற்றோர் சொன்னதை எழுதுவோம். வட மாவட்டங்களில் இருளருக்கு வில்லியர் என்றும் பெயர் உண்டு. ஒருவர் வில்லி என்று சொல்லியிருப்பார், அப்படியே எழுதியிருப்பார்கள். சில இடங்களில் அவசரத்தில் எஸ்.சி. என்று எழுதிவிட்டார்கள். சில இடங்களில் வெறும் கோடு. அப்பாவின் மாற்றுச் சான்றிதழில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மகளுக்கு மறுக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முன் ஓர் ஆசிரியர் கைபோன போக்கில் எழுதியதற்கு ஒரு பெண்பிள்ளையின் படிப்பு போகிறது. நான் சேர்க்கை எழுதும் வருடங்களில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது இப்போதெல்லாம் கை கொஞ்சம் நிதானிக்கும்.

எட்டாம் வகுப்புவரை பெரிய தொந்தரவு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, வயதுச் சான்று இல்லை என்று ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. நாங்களும் அனுப்புவதில்லை. சுவர் அதற்கு மேல்தான் எழும்புகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை, பதினொன்றிலிருந்து பெரிய உதவித்தொகை, விடுதி, கல்லூரியில் 1 சதவீத இடஒதுக்கீடு, கல்விக் கட்டணச் சலுகை. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தாள். இல்லை என்றால் கவுன்சலிங்கில் ஓ.சி. என்று போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். கரிமூட்டம் போடுகிறவர் மகள் பொதுப் பட்டியலில் போய் நிற்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடிகளிடம் 54 சதவீதம். இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மாநிலத்தின் ஆறு தொன்மையான பழங்குடிகளில் ஒன்று என்று ஒன்றிய அரசே தனியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பாம்புப் பண்ணைக் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுத்து நாட்டுக்கே பாம்புக்கடி மருந்துக்கு வழி செய்தவர்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் பள்ளியில் காலைக் கூட்டத்தில் அந்தச் செய்தியை வாசித்தேன். ஏரிக்கரைப் பிள்ளைகள் அன்று முழுவதும் நிமிர்ந்து நடந்தார்கள். அந்த வருடம் விண்ணப்பித்தவர்களில் மூன்று பேருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது.

காகிதம் கேட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. டொமினிக்கன் குடியரசில் வியோலெட்டா போசிக்கோ என்று ஒரு சிறுமி. ஹெய்ட்டி வம்சாவளி என்பதால் பிறப்புச் சான்றிதழ் மறுத்தார்கள். அது இல்லாததால் 1998இல் பகல் பள்ளியில் சேர்க்காமல், பெரியவர்கள் படிக்கும் மாலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வழக்கு அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2005இல் அந்த அரசு செய்தது தவறு என்று தீர்ப்பு வந்தது. கென்யாவில் நூபியர் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் சூடானிலிருந்து படைக்குக் கூட்டி வந்தவர்களின் சந்ததி, நைரோபியில் கிபேரா பக்கம் குடியிருப்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயதில் அடையாள அட்டை கேட்டால் ஒரு குழுவின் முன் போய் நிற்க வேண்டியிருந்தது, தாத்தா பாட்டியின் காகிதங்களைக் காட்ட வேண்டியிருந்தது. மற்ற கென்யர்கள் பலருக்கு அந்தச் சோதனை இருக்கவில்லை. 2011இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் குழந்தைகள் உரிமைக் குழு அதைக் கண்டித்தது. நான் இவற்றைப் படித்தபோது அந்த நைரோபிப் பிள்ளை எனக்கு அயலாகத் தெரியவில்லை. தாத்தா காகிதத்தை எங்கே போய்த் தேடுவான்?

உலகம் முழுக்க 27 கோடிப் பிள்ளைகளுக்கு மேல் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்கிறது 2025இல் யுனெஸ்கோ சொன்ன கணக்கு. போர், பஞ்சம், தாலிபான் தடை என்று பெரிய காரணங்கள் அதற்குள் இருக்கின்றன. அவற்றை என்னாலோ உங்களாலோ தீர்க்க முடியாது. எங்கள் ஏரிக்கரைப் பிள்ளையைத் தடுப்பது போர் இல்லை, பஞ்சமும் இல்லை. ஒரு கோப்பு.

2022 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மலைக்குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு அலைந்து ஓய்ந்துபோனவர். மறுநாள் இறந்துவிட்டார். பத்திரிகையில் இரண்டு நாள் வந்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஓர் இருளர் அப்பா, கூட்டம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, "டீச்சர், அவரு புள்ளைக்காச்சும் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

சரி, செய்ய முடியாத காரியமா இது? செய்து பார்த்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் இங்கே வந்த சார் ஆட்சியர், சின்ன வயது. ஒரு சனிக்கிழமை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏரிக்கரைக்கே வந்தார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. இருவரும் கூட வந்தார்கள். புளியமரத்தடியில் பெஞ்சு போட்டோம். யாரிடமும் எலி, பாம்பு என்று அவர் கேட்கவில்லை. குடியிருப்பில் மூத்த கிழவி யார் என்று கேட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். உங்கள் அண்ணன் தம்பி யார், எங்கே கட்டிக்கொடுத்தீர்கள், எங்கேயிருந்து பெண் எடுத்தீர்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால் யாரோடு சேர்ந்து தங்குவீர்கள், குலதெய்வம் கன்னியம்மாவுக்குப் பூசை வைப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிழவிக்குக் கேட்கக் கேட்க உற்சாகம் வந்துவிட்டது. ஐந்து தலைமுறையைச் சொன்னார். சார் ஆட்சியர் ஒரு பெரிய தாளில் கோடு போட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்குள் அந்தத் தாளில் ஏரிக்கரையின் பாதி வீடுகள் ஒரே வம்சாவளியாக வந்து நின்றன.

அந்தக் கோடுகளில் ஒருவர் கிழவியின் தங்கை மகன், பக்கத்து மாவட்டத்தில் இருப்பவர். அவருக்கு 1980களில் தாசில்தார் கொடுத்த பழங்குடிச் சான்றிதழ் இருந்தது. அதைத் தேடிப் பிடித்துச் சரிபார்த்தார்கள். அது போதுமானதாக இருந்தது. அதே மாதத்தில் பத்தொன்பது பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்தது. அவர்களில் ஒருவன் இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறான், இரண்டு பெண்கள் கல்லூரியில். அந்த அதிகாரி ஒன்றரை வருடத்தில் மாற்றலாகிப் போனார். அந்தத் தாள் எங்கே போனது என்று அடுத்து வந்தவருக்குத் தெரியவில்லை. மீதிப் பாதி வீடுகள் அப்படியே நின்றுவிட்டன.

அந்தத் தாளைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்கிறேன். ஓர் இருளர் குடியிருப்புக்கு ஒரு முறை வம்சாவளி எழுதி, அதை அலுவலகப் பதிவாக வைத்துவிட்டால், அடுத்த இருபது வருடத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் தம்பிக்குக் கொடுப்பதில் என்ன சந்தேகம் இருக்க முடியும்? ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் பழங்குடி, இன்னொருவர் ஓ.சி. என்று எங்கள் பள்ளிப் பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது. அக்காவின் சான்றிதழை இணைத்துத்தான் தங்கைக்கு விண்ணப்பித்தோம். அக்காவுக்குக் கொடுத்ததே சரியா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அக்கா பயந்துபோய் இனி யாருக்கும் தன் சான்றிதழைத் தர மாட்டேன் என்கிறாள்.

விசாரணைக்கு நீங்கள் வாருங்கள், அவர்களை வரச் சொல்லாதீர்கள். குடியிருப்பைப் பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைக்கும். அலுவலக நாற்காலிக்கு முன்னால் நிற்கும்போது அவர்களுக்கு நாக்கு எழுவதில்லை. காவல் நிலையத்தில் செய்யாத திருட்டுக்குக் கையைக் கட்டி நின்ற அனுபவம் பல வீடுகளில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவர் எந்தத் துறை என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்கிற குரல் ஒன்றுதான்.

பள்ளியின் காலண்டரையும் கொஞ்சம் பாருங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பம் எடுத்தால் ஜூன் சேர்க்கைக்குக் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பில், டிசம்பருக்கு முன் எடுத்துவிட்டால் ஒரு முழு வருடம் கையில் இருக்கும். அந்த மாதங்களில் இன்னொரு வசதியும் உண்டு. மழைக்காலத்தில் கரிமூட்டம் இருக்காது. அப்பா அம்மா ஊரில் இருப்பார்கள், ஓ.டி.பி. வரும் செல்போனும் ஊரில் இருக்கும்.

மறுப்பதாக இருந்தால் மறுத்துவிடுங்கள், அதுவும் உங்கள் அதிகாரம்தான். ஆனால் போதிய ஆவணங்கள் இல்லை என்று மூன்று சொல்லில் முடிக்காதீர்கள். எந்த ஆவணம் இல்லை, யாரை விசாரித்தீர்கள், அவர்கள் சொன்னதில் எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அந்த ஒரு பக்கம் இருந்தால் மேல்முறையீட்டுக்குப் போக முடியும். ஒரு வக்கீலிடம் காட்ட முடியும். நானாவது அதைப் படித்துவிட்டு, விடுபட்டதைத் தேடிக் கொடுப்பேன். வருடக்கணக்கில் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வைத்திருப்பதுதான் எங்களைக் கொல்கிறது. நீங்கள் முடிவு எடுக்காத அந்த ஒரு வருடத்தில் பிள்ளை தானே ஒரு முடிவு எடுத்துவிடுகிறது. மில்லுக்குப் போகிறது, கரும்பு வெட்டப் போகிறது, பெண்ணாக இருந்தால் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள்.

இடையில் ஒன்று. ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலையில் இருக்கும் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பட்டியலில் சேலம், தருமபுரி என்று மாவட்டப் பெயரோடு அவர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், அதில் ஈரோடு வரவில்லை. சட்டத் திருத்தம் வந்தால்தான் ஆகும். நரிக்குறவர்களுக்கு நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்ற 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அதையெல்லாம் கேட்க வேண்டிய இடம் வேறு. இருளர் தமிழ்நாடு முழுமைக்கும் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே எந்தத் திருத்தமும் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை தேவை.

மேலே சொன்ன அந்தப் பெண் நூற்பாலையிலிருந்து திரும்பி வந்து, கல்யாணம் ஆகி, இப்போது அதே ஏரிக்கரையில்தான் இருக்கிறாள். பாட்டி இறந்துவிட்டார். அவள் மகன் அங்கன்வாடியில் இருக்கிறான், வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருவான். போன மாதம் வழியில் பார்த்தபோது, "டீச்சர், சேர்க்கும்போது இருளர்னு சரியா எழுதச் சொல்லுங்க" என்றாள். அவனை எங்கேயும் விட்டுவிட்டுப் போகாமல் புருஷனை மட்டும் மூட்டத்துக்கு அனுப்புகிறாள். ஒன்பது மணிக்கு அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுகிறாள்.

இந்த வருடம் எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஏரிக்கரைப் பிள்ளைகள் பதினொரு பேர். அதில் சான்றிதழ் இருப்பது மூன்று பேருக்கு. மீதி எட்டுப் பேரின் பெயர், பெற்றோர் பெயர், யாருக்கு யார் என்ன உறவு, எந்தச் சொந்தக்காரரிடம் பழைய சான்றிதழ் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய தாளில் இருந்த வம்சாவளியையும் நினைவில் இருந்தவரை திரும்ப எழுதியிருக்கிறேன். கிழவிக்கு இப்போது கண் தெரியவில்லை, ஆனால் பெயர்கள் எல்லாம் நினைவிருக்கின்றன. சனிக்கிழமைகளில் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறை காலியாக இருக்கும். மேசை இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது. அங்கிருந்து ஏரிக்கரைக்கு நடந்து பத்து நிமிடம். எந்த நாள் என்று சொன்னால், மூட்டத்துக்குப் போனவர்களையும் வரச் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை